மேல்வயல் அம்மாவுடையது

எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் இரண்டு பானைச் சோறு வேகும். ஒன்றில் அம்மாவின் மேல்வயல் அரிசி, இன்னொன்றில் அப்பாவின் கீழ்வயல் அரிசி. அம்மாவின் வயலில் யூரியா கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. அப்பாவின் வயலில் இரண்டும் உண்டு, அதில் அவருக்குக் கூச்சமும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிட உட்கார்ந்தால், "எந்தப் பானை?" என்று அம்மா கேட்பாள். அவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் பசியே இல்லை என்பார்கள். நான் இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி வாங்கிப் பிசைந்து சாப்பிடுவேன். எனக்கு வேறு வழி ஏது? இந்த இரண்டு பேருக்கும் பிறந்தவள் நான். போதாததற்கு வேளாண்மைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள்.

இந்தப் பாகப்பிரிவினை நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மா எங்கோ ஒரு பயிற்சிக்குப் போனாள். போகும்போது நன்றாகத்தான் போனாள். திரும்பி வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அப்பாவின் மூக்குக்கு நேராக நீட்டி, "மோந்து பாருங்க. இது மண்ணு. நம்ம வயல்ல இருக்கிறது வெறும் தூசி" என்றாள். அப்பா அப்போது காபி குடித்துக்கொண்டிருந்தார். மோந்து பார்த்தார். "மண்ணு வாசனைதான் வருது" என்றார். அன்று ஆரம்பித்த சண்டை அடுத்த விதைப்பு வரை ஓய்வில்லாமல் நடந்தது. கடைசியில் வயலை வரப்புக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். மேல்வயல்தான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது, அப்பாவின் உரத்தண்ணீர் தன் வயலுக்கு ஏறி வரக்கூடாதாம். அப்பா யோசித்துவிட்டு, "சரி, அப்ப உன் சத்தெல்லாம் கரைஞ்சு எனக்குத்தான் வரும்" என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

நான் என் படிப்பின் கடைசி ஆய்வுக்கு இந்த இரண்டு வயலையும் எடுத்துக்கொண்டேன். வழிகாட்டிப் பேராசிரியருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. "இயற்கை விவசாயம்னா அதை எழுதுங்க. ரசாயனம்னா அதை எழுதுங்க. ஒரு பக்கமா நில்லுங்கம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் தேவைப்படாது. "சார், பயிர் எந்தப் பக்கமும் நிக்கல. அது பாட்டுக்கு வளருது. சண்டை நமக்குத்தான்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் சம்மதம் சொல்கிற விதம்.

இரண்டு பேரிடமும் நல்லது இருக்கிறது, இரண்டு பேரிடமும் வீம்பு இருக்கிறது. இதுதான் என் ஆய்வு. பேராசிரியருக்காக அதை நீட்டி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி, நடவுக்கு முன்னால் பசுந்தாள் உரச் செடிகளை வளர்த்து மடக்கி உழ வைத்தேன். அப்புறம் ஒரு இலை வண்ண அட்டையைக் கொடுத்தேன். அது ஒரு சாதாரண பிளாஸ்டிக் அட்டை. வெளிர் பச்சையில் ஆரம்பித்துக் கரும்பச்சை வரை பட்டை பட்டையாக வண்ணம் இருக்கும். நெல் இலையை நம் நிழலில் பிடித்து அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இலை வெளிறியிருந்தால் யூரியா போடலாம், பச்சையாக இருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போகலாம். அப்பா முதலில் அதை விசிறிக்கொள்ளப் பயன்படுத்தினார். பிறகு ஒருநாள் இலையில் வைத்துப் பார்த்தார். அந்தப் பருவம் பாதி யூரியா மூட்டைகள் பிரிக்காமலே கிடந்தன, விளைச்சலும் குறையவில்லை. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அட்டை அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவும் இல்லை.

அம்மா பக்கம் வேறு கதை. கையால்தான் களை எடுப்பேன், அதுதான் மண்ணுக்கு மரியாதை என்று முதுகு ஒடிந்துகொண்டிருந்தாள். "அம்மா, வரிசையா நட்டு உருளைக் களைக்கருவியைத் தள்ளினா மண்ணு கோவிச்சுக்காது" என்று சொல்லித் தள்ள வைத்தேன். ஒரே காலை நேரத்தில் வயலை முடித்துவிட்டுக் கரையேறியவள், "இதை ஏண்டி முன்னாடியே சொல்லல?" என்று என்னையே திட்டினாள். நல்லது செய்தால் எங்கள் வீட்டில் இப்படித்தான் பேர் கிடைக்கும்.

இந்த வருஷம்தான் அம்மாவுக்குக் கடைசி வருஷம். ரசாயனத்தை விட்டு மூன்று வருஷம் சுத்தமாக இருந்தால்தான் இயற்கை வேளாண் சான்றிதழ். நடுவில் எங்காவது சறுக்கினால் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். எதற்கு இவ்வளவு பாடு என்று ஒருநாள் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை மடியில் வைத்தாள்.

"இந்த வீட்டுல எல்லாத்துலயும் உங்க அப்பா பேருதான் இருக்கு. அது தப்புன்னு சொல்லல. ஆனா நானும் அதே சேத்துலதான நிக்கிறேன்? யாராவது வந்தா, அவரை விவசாயிம்பாங்க, என்னை விவசாயி சம்சாரம்பாங்க. அந்தச் சான்றிதழ்ல என் பேரு போட்டு, பக்கத்துல விவசாயின்னு போட்டிருக்கும். அதுக்குத்தான்டி."

அவள் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. அப்பா கொல்லைப்பக்கம் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சோதனைக்கு அதிகாரி வருவதற்குச் சில வாரம் இருக்கும்போது பெரியம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆள் இல்லை, அம்மா கிளம்பினாள். கிளம்பும்போது மேல்வயல் வெளிறிப் போயிருந்தது. வானம் தொடர்ந்து மூடியே கிடந்ததால் மண் குளிர்ந்துவிட்டது. மட்கு உரம் மெதுவாகத்தான் சோறு போடும், குளிர்ந்த மண்ணில் அது இன்னும் மெதுவாகப் போடும். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். ஆனாலும் பேருந்து ஏறும்வரை வயல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெற்ற பிள்ளை நான் பக்கத்தில் நிற்கிறேன், என்னை ஒரு தடவை பார்க்கவில்லை.

அப்புறம் நான் விடுதிக்குப் போய்விட்டேன். அடுத்த வாரக் கடைசியில் அளவெடுக்க வந்தவள் மேல்வயலைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். வரப்பை ஒட்டி ஒரு பட்டை, நல்ல அகலமாக, கருகருவென்று பச்சை. அட்டையை வைத்துப் பார்த்தால் அப்பாவின் வயலையே தூக்கிச் சாப்பிடுகிற பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மட்கு உரம் ஒருவழியாக வேலை செய்துவிட்டது, என் ஆய்வு ஜெயித்துவிட்டது என்று அங்கேயே நின்று படம் எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன். 'பிரமாதம்' என்று உடனே பதில் வந்தது. அந்த மனுஷர் எதற்கும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

பிறகுதான் இன்னொரு படம் எடுக்கலாம் என்று பம்புசெட் அறையின் மாடிக்கு ஏறினேன். மேலேயிருந்து பார்த்ததும் உச்சி குளிர்ந்திருந்ததெல்லாம் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது.

பச்சை பட்டையாக இல்லை. பிறை பிறையாக இருந்தது. வரப்பில் ஒருவர் நடந்துகொண்டே, வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வீசி, நாலு எட்டு வைத்து மறுபடி அள்ளி வீசினால் எப்படி விழுமோ அப்படி. ஒவ்வொரு பிறையும் ஒரு முனையில் தடித்து, மறு முனையில் வாலாக மெலிந்திருந்தது. கை எட்டுகிற தூரத்தோடு பச்சை நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வயல் பழையபடி வெளிறியே கிடந்தது. மட்கு உரத்துக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. இது யூரியா.

வீசினது யார் என்று கண்டுபிடிக்கப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. ஊரில் எல்லோரும் வலது கையால் வீசுவார்கள், வால் ஒரு பக்கம் போகும். இங்கே அத்தனை வாலும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் இடது கையால் உரம் வீசுகிற ஒரே ஆள் என்னைப் பெற்றவர்.

அவர் கீழ்வயல் மடையில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்ற வேகத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கு, விஞ்ஞானி" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"மழை இருக்கட்டும். மேல்வயல் ஏன் பச்சையா இருக்கு?"

"நல்லதுதான? மட்கு உரம் பிடிச்சிருக்கும்."

"எனக்கே காது குத்துறீங்களா? மட்கு உரம் இடது கையாலயா பிடிக்கும்?"

அவர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தினம் ரெண்டு வேளை அந்தப் பக்கமாத்தான் போறேன் வரேன்" என்றார். "பயிர் பசியில நிக்குது. பாத்துட்டு எப்படிப் பேசாமப் போறது? அவ வேற கிளம்பும்போது அப்படித் திரும்பித் திரும்பிப் பாத்தா. திரும்பி வந்து இதையே பாத்தா மனசு விட்டுடுவா. அதிகாரி வேற வராங்க. வெளிறிக் கிடக்கிற வயலுக்கு யாரு சான்றிதழ் குடுப்பா?"

"அப்பா, வெளிறிக் கிடந்தாக் குடுப்பாங்க. யூரியா போட்டாத்தான் குடுக்க மாட்டாங்க."

"தெரியுமே."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"கொஞ்சமாத்தான் போட்டேன். உன் அட்டையை வச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக இந்த மனுஷருக்கு நான் அறிவியல் சொல்லிக் கொடுத்த லட்சணம் இது. மனைவி மேல் பாசம் பொங்கினால் மற்றவர்கள் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தருவார்கள், எங்கேயாவது கூட்டிப் போவார்கள். என் அப்பா யூரியா போட்டிருக்கிறார்.

"கவலைப்படாத" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். "யூரியா கரைஞ்சு பயிருக்குள்ள போயாச்சு. மண்ணை எடுத்துட்டுப் போய் எந்த மிஷின்ல போட்டாலும் தனியாத் தெரியாது."

அவர் சொன்னது உண்மை. அதுதான் வம்பு. பூச்சிமருந்து என்றால் எச்சம் காட்டிக்கொடுக்கும். இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. நானும் அப்பாவும் வாயை மூடிக்கொண்டால் அம்மாவுக்குச் சான்றிதழ் வந்துவிடும், சட்டம் போட்டு மாட்டிவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் தினமும் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சொன்னால், மூன்று வருஷ உழைப்பு போச்சு. நினைக்கும்போதே அழுகை வந்தது, அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அது அம்மாவோட வயல், அப்பா. அவங்க பேரு. அதுல பொய் இருந்தா, பேரு மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அதிகாரி வரதுக்குள்ள நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அப்பா மண்வெட்டியை எடுத்தார். மடையில் போட்ட மண்ணையே மறுபடி வெட்டி எடுத்து, மறுபடி அதே இடத்தில் போட்டார்.

நான் பேராசிரியருக்குப் போன் செய்து, பிரமாதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னேன். காரணத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்கப்பா நல்ல மனுஷர்மா. ஆனா வயல் பக்கம் விடாதீங்க" என்றார்.

அம்மா வந்த மறுநாள் சோதனை. வந்த கையோடு பையை வீட்டுக்குள் எறிந்துவிட்டு வயலுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா கிணற்றடியில் தேவையில்லாமல் எதையோ கழுவிக்கொண்டிருந்தார். அம்மா வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்தாள், பெரியம்மாவின் முழங்கால் கதையைச் சொன்னாள், எல்லோருக்கும் பரிமாறினாள். கரண்டி வைத்த இடம் மாறினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் என் அம்மா. அவள் சத்தம் போடாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது. அப்பா சாப்பிடும்போது மூன்று தடவை தொண்டையைச் செருமினார். மூன்று தடவையும், "தண்ணி வேணுமா?" என்று அம்மா கேட்டாள். மூன்று தடவையும் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

காலையில் அதிகாரி வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் மண் எடுக்கும் குழாய், வெயிலுக்கு ஒரு பெரிய தொப்பி. அம்மா அவருக்குத் தன் மட்குக் குழியைக் காட்டினாள், விதையைக் காட்டினாள், களைக்கருவியைக் காட்டினாள். "இது என் பொண்ணு சொல்லித்தான் வாங்கினது" என்று போகிற போக்கில் சொன்னாள். மற்ற நாளாக இருந்தால் நான் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அன்றைக்கு என் கண்ணெல்லாம் கீழ்வயலில் இருந்தது. அப்பா அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதுதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அதிகாரி வரப்போரம் வந்து நின்றார்.

"இந்தப் பக்கம் மட்டும் அருமையா இருக்கேம்மா" என்றார். "இங்க தனியா ஏதாவது போட்டீங்களா?"

அம்மா வாயைத் திறந்தாள்.

அதற்குள் கீழ்வயலிலிருந்து தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டது. அப்பா சேற்றில் ஓடிவந்துகொண்டிருந்தார். வரப்பைச் சுற்றி வர அவருக்குப் பொறுமை இல்லை, தான் பார்த்துப் பார்த்து வளர்த்த பயிரைத் தானே மிதித்துக்கொண்டு நேராக வந்தார். நடுவில் ஒரு செருப்பு சேற்றோடு போனது. அதையும் விட்டுவிட்டு வந்தார். வரப்பில் ஏறி, மூச்சு வாங்க, அதிகாரியின் முன்னால் நின்றார்.

"நான்தான் மேடம். யூரியா. நான் போட்டேன். அவ ஊர்லயே இல்ல, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தண்டனை ஏதாவது இருந்தா என் வயலுக்குப் போடுங்க. அவ இந்த மூணு வருஷமா ஒரு குண்டுமணி உரம் தொட்டதில்ல. தப்பு அவ பண்ணல. தயவுபண்ணி எழுதிடாதீங்க. எழுதுங்க, ஆனா என் பேருல எழுதுங்க."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார், செருப்பில்லாத காலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்" என்றாள் அம்மா. "நேத்து வந்ததுமே தெரியும். கல்யாணம் ஆனதுலேருந்து இந்தக் கை வீசறதைப் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா? நீங்க கேட்டதும் சொல்றதுக்குத்தான் வாயைத் திறந்தேன். அவரு முந்திக்கிட்டாரு."

அப்பா கல்லாக நின்றார். நேற்று தண்ணீர் தண்ணீராகக் குடித்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, முகம் போன போக்கைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதிகாரி தோளிலிருந்த குழாயை இறக்கி வைத்தார். பிறகு பச்சை எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நான் அவரைப் பம்புசெட் மாடிக்குக் கூட்டிப் போனேன். மேலேயிருந்து பார்த்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அரசாங்க முகத்தோடு இருக்க வேண்டியவர், பாவம், சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னார். மறைக்காமல் சொன்னதாலும், எல்லை இவ்வளவு தெளிவாகத் தெரிவதாலும், யூரியா விழுந்த பட்டை மட்டும் மறுபடி முதல் வருஷத்துக்குப் போகும். மீதி வயலுக்குச் சான்றிதழ் கொடுக்க அவரே பரிந்துரை செய்வார். ஆனால் இனிமேல் இப்படிக் கை எட்டுகிற நிலைமையே இருக்கக்கூடாது. வரப்பை ஒட்டி இன்னொரு அகலமான பட்டையை ரசாயனமே படாத காப்பு இடமாக ஒதுக்க வேண்டும்.

"அதையும் என் பக்கத்துலயே எடுத்தா எனக்கு மிச்சம் என்ன மேடம் இருக்கும்?" என்றாள் அம்மா. அதுவரை நிமிர்ந்து நின்றவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இருக்கிறதே இத்தனைதான்."

"என் பக்கத்துல எடுத்துக்கங்க" என்றார் அப்பா.

"சார், அது அவ்வளவு சுலபமில்ல. அந்தப் பட்டையில நீங்க யூரியா போட முடியாது, மருந்து அடிக்க முடியாது. உங்க மத்த வயல்ல வழக்கம்போலப் பண்ணிக்கலாம். ஆனா அந்த இடம் இவங்க சொல்றபடிதான் நடக்கணும்."

"நடக்கட்டும். அவ சொல்றபடி நடந்தா விளையும். என் பொண்ணு அளந்து பாத்திருக்கா. எங்கிட்ட சொல்ல மாட்டா, நான் அவ நோட்டுல போட்டு வச்சிருக்கிற கணக்கைப் பாத்துட்டேன்."

நான் அவரை முறைத்தேன். என் ஆய்வு முடிவை நான் பேராசிரியருக்கே இன்னும் சொல்லவில்லை.

"சரி, அந்தப் பட்டைக்கு விவசாயி யாருன்னு போடட்டும்? உங்க பேரையா?"

"அவ பேரைப் போடுங்க" என்றார் அப்பா.

"அப்ப நீங்க?"

அப்பா யோசித்தார். "அவகிட்ட வேலை பாக்கிறவர்னு போடுங்க."

"வேலைக்கு எடுத்துக்கிறேன்னு நான் இன்னும் சொல்லலையே" என்றாள் அம்மா. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் மட்டும் அடங்கவில்லை. அதிகாரி அரசாங்க முகத்தையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்ததும் அம்மா அப்பாவை வெளுத்து வாங்கினாள். நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்தாள் போல. தன் வயலில் கால் வைக்க யார் உரிமை கொடுத்தது, வெளிறினால் வெளிறட்டுமே, தன் பயிர் தன் பாடு, அந்த அட்டையைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்கட்டும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். இவ்வளவு நிம்மதியான முகத்தோடு திட்டு வாங்கும் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "செருப்பை எடுத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இவ்வளவையும் நேத்தே கத்தியிருக்கலாம்ல? ராத்திரியெல்லாம் நான் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"நேத்து கத்தியிருந்தா, எனக்குப் பயந்து சொன்னாருன்னு ஆயிருக்கும். அவரா வராரான்னு பாக்கணும்னு இருந்துச்சு."

"வரலைன்னா?"

அம்மா வயல் பக்கம் பார்த்தாள். அப்பா முட்டி வரை சேற்றில் நின்று கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"வரலைன்னா நானே சொல்லியிருப்பேன். பட்டை போனது போகட்டும்னு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனா இவரு கூட அப்புறம் பேச எனக்கு ஒண்ணும் இருந்திருக்காதுடி." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பச்சையா இருக்கட்டும்னு நினைச்சிருக்காரு பாரு, லூசு மனுஷன்."

சான்றிதழ் அறுவடைக்குப் பிறகு வந்தது. அம்மாவின் பேர், அதற்குப் பக்கத்தில் விவசாயி என்று தனியாக, தெளிவாக இருந்தது. அம்மா அதைப் பெரியம்மாவுக்குப் போனிலேயே மூன்று தடவை படித்துக் காட்டினாள். எழுத்து எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பது வரைக்கும் சொன்னாள். என் ஆய்வுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்தது. யூரியா விழுந்த பட்டையைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதினேன், அதைத்தான் பேராசிரியர் இரண்டு தடவை படித்தாராம்.

சான்றிதழ் வந்தவர்கள் வயலில் பேர்ப்பலகை வைக்க வேண்டும் என்று விதி. அப்பாவே டவுனுக்குப் போய் எழுதிக்கொண்டு வந்தார். அம்மாவின் பேரும் 'இயற்கை விவசாயி' என்பதும் மட்டும்தான் அதில் இருந்தன. சாலையில் போகிற யாருக்கும் கண்ணில் படும்படி பெரிய எழுத்து. அம்மா பலகையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேல்வயலின் மூலையில் போய் நின்றாள். அப்பா கடப்பாரையோடு அவளைத் தாண்டிப் போய், வரப்பைத் தாண்டிப் போய், கீழ்வயலில் தான் ஒதுக்கிக் கொடுத்த பட்டையின் அந்தக் கோடியில் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"ஏங்க, அங்க எதுக்குத் தோண்டறீங்க? அது உங்க வயல்" என்றாள் அம்மா.

அப்பா நிமிரவில்லை. "பலகையில யாரு பேரு இருக்குன்னு படிச்சுப் பாரு" என்றார்.

அம்மா படித்துப் பார்த்தாள். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டினாள்.